பாங்காக்கிலிருந்து மேக்லோங், அம்பவா: இரண்டு ரயில், ஒரு படகு, ஒரு பகல்

பாங்காக்கில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, பட்டாயா வேண்டாம், டூர் வேனும் வேண்டாம், கடலோரமாக நிதானமாகப் போய்விட்டு இரவுக்குள் ரூமுக்குத் திரும்பும்படி ஏதாவது உண்டா என்பது கேள்வி. உண்டு. நகரத்துக்குத் தென்மேற்கே தாய்லாந்து வளைகுடாவின் தலைமாட்டை ஒட்டி ஓடும் மேக்லோங் ரயில் பாதைதான் அது. வொங்வியன் யாயிலிருந்து மகாச்சாய் வரை ஒரு ரயில், அங்கே தா சின் ஆற்றைக் கடக்க ஒரு படகு, அக்கரையில் பான் லேமிலிருந்து மேக்லோங் வரை இன்னொரு ரயில். கடைசி ஆறு கிலோமீட்டர் ஷேர் வண்டியில் போனால் அம்பவா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடற்கரை என்றதும் வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீரும் நினைவுக்கு வந்தால் இந்த வழி ஏமாற்றும். மேக்லோங், தா சின், சாவ் பிரயா, பாங் பகோங் என்று நான்கு ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் மூலை இது. கரை முழுக்கச் சேறு, அலையாத்தி, உப்பளம், இறால் குட்டை, மீன்பிடித் துறை. குளிக்க இடமில்லை. பார்க்கவும் சாப்பிடவும் நிறைய இருக்கிறது.

இரண்டாவது விஷயம் கிழமை. அம்பவா மிதக்கும் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும்தான், அதுவும் மதியத்துக்கு மேல். செவ்வாய்க்கிழமை போனால் பூட்டிய கடைகளையும் வெறும் வாய்க்காலையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மூன்றில் வெள்ளிக்கிழமையே நல்லது, சனிக்கிழமை மாலை நடக்கவே இடம் இருக்காது.

இந்தப் பாதையின் வரலாறு தெரிந்தால் நடுவில் ஏன் படகு ஏற வேண்டியிருக்கிறது என்பது புரியும். 1900களின் தொடக்கத்தில் இரண்டு தனியார் கம்பெனிகள் இரண்டு துண்டாகப் போட்ட பாதை இது. மகாச்சாய் மீனையும் மேக்லோங் மீனையும் கெடுவதற்குள் பாங்காக் கொண்டுபோவதுதான் நோக்கம். ஆற்றின் மேல் பாலம் கட்டவே இல்லை. தாய்லாந்தின் மற்ற ரயில் பாதைகளோடும் இதற்கு இணைப்பு கிடையாது. பாங்காக் முனை முன்பு சாவ் பிரயா ஆற்றங்கரையில் க்லோங் சான் வரை இருந்தது. 1961இல் அந்தத் துண்டை எடுத்துவிட்டார்கள், வொங்வியன் யாய் முனையாகிவிட்டது.

வொங்வியன் யாய் என்ற பெயரில் ஸ்கைட்ரெயின், அதாவது நகரின் மேம்பால மெட்ரோ, நிலையமும் ஒன்று உண்டு. அதுவும் ரயில் நிலையமும் ஒரே இடம் என்று நினைத்துத்தான் பலரும் காலையில் ரயிலை விடுகிறார்கள். ஸ்கைட்ரெயினில் இறங்கி, தாக்சின் மன்னர் குதிரையில் இருக்கும் பெரிய ரவுண்டானாவைத் தாண்டி, பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். நிலையத்துக்குப் பெரிய முகப்பெல்லாம் கிடையாது, கடைகளுக்கு நடுவே ஒரு சந்து போலத்தான் வாசல். "சத்தானி ரொட் ஃபை" என்று கேட்டால் காட்டுவார்கள். சத்தானி என்பது நம்முடைய ஸ்தானம்தான். இந்த வழி நெடுகப் பெயர்கள் இப்படித்தான் பழகிய முகம் காட்டும். மகாச்சாய் இருக்கும் மாகாணம் சமுத் சாக்கொன், அதாவது சமுத்திர சாகரம். மேக்லோங் இருப்பது சமுத் சொங்க்ராம், சமுத்திர சங்கிராமம். அம்பவா என்றால் மாந்தோப்பு, பாலி மொழியின் அம்பவனம்.

இனி நேரக் கணக்கு. மகாச்சாய்க்குக் காலையில் கிட்டத்தட்ட மணிக்கு ஒரு ரயில் உண்டு. கட்டணம் 10 பாட், பயணம் ஒரு மணி நேரம். ஆனால் அக்கரையில் பான் லேமிலிருந்து நாளுக்கு நான்கே ரயில்: 7:30, 10:10, 13:30, 16:40. உங்களுக்கு ஏற்றது 10:10. அதை விட்டால் அடுத்ததற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், அன்றைய திட்டமே கவிழ்ந்துவிடும். 8:35க்குக் கிளம்பினாலும் கணக்குப்படி பிடித்துவிடலாம். ஆனால் முதல் ரயில் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதித்தால் போதும், படகிலிருந்து இறங்கி ஓட வேண்டிவரும். 7:40 வண்டியை எடுங்கள். படகுக்குக் கிளம்பும் முன் மகாச்சாயில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும், அந்த ஊர் அதற்குத் தகுதியானதுதான். நேர அட்டவணை அவ்வப்போது மாறும். அதனால் வொங்வியன் யாய் கவுண்டரிலேயே பான் லேம் நேரத்தையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முன்பதிவு கிடையாது, தேவையும் இல்லை. பத்து இருபது பாட்டுச் சில்லறை வைத்திருங்கள். பத்து பாட் டிக்கெட்டுக்கு ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் யாருக்கும் பிடிக்காது.

முதல் அரை மணி நேரம் வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டே ரயில் போகும். பிறகு தென்னையும் வாய்க்கால்களும் வரும். மகாச்சாயில் ரயில் சந்தைக்குள்ளேயே போய் நிற்கும். மேக்லோங் சந்தையில் ரயில் வரும்போது கடைக்காரர்கள் குடையை மடக்கும் வேடிக்கை எல்லாம் இங்கே இல்லை, சுற்றுலாக்காரர்களும் குறைவு. கருவாடு, காய்ந்த கணவாய், உயிர் நண்டு, இறால் எல்லாம் மொத்தமும் சில்லறையுமாகப் போகும். மீன் பதனிடும் தொழிலுக்காக வந்த மியான்மர்த் தொழிலாளர்கள் இந்த ஊரில் ஏராளம். முகத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்களையும் பர்மிய எழுத்துப் பலகைகளையும் பார்க்கலாம். காலைச் சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுவது நல்லது.

ஒன்பதரைக்குப் படகுத்துறைக்கு நடையைக் கட்டுங்கள். வழி தெரியாவிட்டால் "தா ருவா" என்று கேட்டால் கை காட்டுவார்கள், ஐந்து நிமிட நடை. படகுக்கு 3 பாட். மோட்டார் பைக், சைக்கிள், காய்கறிக் கூடை, பள்ளிப் பிள்ளைகள் என எல்லாம் ஒரே தளத்தில் ஏறும். அக்கரையில் தா சலோம். தலைநகருக்கு வெளியே சியாமில் முதன்முதலாகச் சுகாதார மாவட்டம், அதாவது நகராட்சிக்கு முன்னோடியான அமைப்பு, 1906இல் இந்தச் சின்ன மீனவ ஊரில்தான் தொடங்கியது. இறங்கியதும் வலப்பக்கம் திரும்பி ஆற்றோடு போகும் சாலையில் பத்து நிமிடம் நடங்கள். ஒரு கோயில் வளாகத்தைத் தாண்டினால் பான் லேம் நிலையம். இடப்பக்கம் திரும்பிவிட்டால் ஊருக்குள் சுற்ற வேண்டியதுதான். வெயில் தாங்காது என்றால் சைக்கிள் ரிக்‌ஷா இருக்கும்.

பான் லேம் நிலையம் என்பது ஒரு கூரை, இரண்டு பெஞ்ச், ஒரு கவுண்டர். வண்டி இரண்டு பெட்டி இருந்தால் அதிகம். மின்விசிறி, திறந்த ஜன்னல், மூன்றாம் வகுப்பு, மறுபடி 10 பாட். முப்பத்து மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் எடுக்கும். வண்டி மேற்கே போவதால் காலையில் இடப்பக்கம் வெயில் அடிக்கும், வலப்பக்கம் நிழல். உப்பளம் இரண்டு பக்கமும் வரும், எனவே நிழல் பக்கம் உட்கார்ந்தால் எதையும் இழக்க மாட்டீர்கள். தலையையும் கையையும் மட்டும் வெளியே நீட்டாதீர்கள். பாதையோரப் புதர்கள் ஜன்னல் வழியே உள்ளே வந்து அறைந்துவிட்டுப் போகும்.

இந்த ஒரு மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் உயிர் என்பேன். ரயில் சந்தை, ரயில் சந்தை என்று வேனில் வருபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. டிசம்பரிலிருந்து மே வரை உப்புக் காலம். தூத்துக்குடிப் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், வேலை அதேதான். கடல் நீரைப் பெரிய குட்டையில் தேக்கி, ஒவ்வொரு பாத்தியாக நகர்த்தி, வெயிலிலும் காற்றிலும் அடர்த்தி ஏற்றுவார்கள். இடைப்பட்ட பாத்திகளில் முதலில் ஜிப்சம் படியும். உப்பு நீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் 25 டிகிரி வாக்கில் வரும்போதுதான் கடைசிப் பாத்திக்கு விட்டு உப்பை விளைய விடுவார்கள். அதற்கு முன்பே விட்டால் ஜிப்சம் கலந்துவிடும், ரொம்பத் தாமதித்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். தரையை உருளை போட்டு இறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் வாரும்போது சேறும் கூடவே வரும். வெள்ளைக் கூம்புகளாக உப்பு வரிசை கட்டி நிற்க, நடுவில் ஒருவர் தோளில் காவடிபோல் கூடை சுமந்து போவது ஜன்னலிலிருந்தே தெரியும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை போனால் இதெல்லாம் இருக்காது. பாத்திகள் வெறும் தண்ணீராகக் கிடக்கும், கொக்கும் உள்ளானும் மேயும். அதுவும் ஒரு அழகுதான், ஆனால் உப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

11:10க்கு மேக்லோங். கடைசி சில நூறு அடியை ரயில் சந்தைக்குள் புகுந்து கடக்கும். தாய் மொழியில் இதற்குப் பெயர் தலாத் ரொம் ஹுப், குடை மடக்கும் சந்தை. ஊதல் கேட்டதும் கடைக்காரர்கள் மூங்கில் கழியைத் தள்ளித் துணிப் பந்தலைச் சுருட்டுவார்கள். சக்கரம் வைத்த தட்டுகளைப் பின்னால் இழுப்பார்கள். தண்டவாளத்தை ஒட்டித் தரையோடு பரப்பிய காய்கறியையும் மீன் தட்டையும் தொடக்கூட மாட்டார்கள். பெட்டியின் அடிப்பாகம் அவற்றுக்கு மேலே போகும் உயரம் அவர்களுக்கு அத்துப்படி. ரயிலில் இருப்பவர்கள் கடைசிப் பெட்டியின் பின்பக்கம் நின்றால், கடந்துவந்த இடத்தில் பந்தல்கள் மறுபடி விரிவதைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு வசதி இருக்கிறது. அதே ரயில் 11:30க்குத் திரும்பிப் போகும். இறங்கிய கையோடு நிலையத்திலிருந்து சந்தைக்குள் நடந்து ஒரு கடையோரம் நின்றால், உள்ளிருந்து பார்த்ததை வெளியிலிருந்தும் பார்த்துவிடலாம். தரையில் போட்டிருக்கும் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், முதுகுப் பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி நடை வேகத்தில்தான் வரும். ஆனால் இடைவெளி ஒரு சாண் கூட இருக்காது. செல்ஃபி எடுக்க முன்னால் சாய்பவர்களும் முதுகுப் பையோடு திரும்புபவர்களும்தான் அடிபடுகிறார்கள். கடை வாசலில் நிற்கிறீர்கள் என்றால் ஏதாவது வாங்குங்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. ரயில் போன கால் மணி நேரத்தில் டூர் வேன்கள் கிளம்பிவிடும். அதற்குப் பிறகுதான் அது சந்தையாகவே தெரியும்.

அப்போது பார்க்க வேண்டியது பிளா தூ. மூங்கில் பிளாச்சுக் கூடைகளில் இரண்டு மூன்றாக, கழுத்தை மடக்கி வைத்திருக்கும் வேகவைத்த மீன். நம்மூர்க் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய உறவு, ஆனால் உடல் குட்டை, வயிறு அகலம். கூடைக்குள் அடங்கத்தான் கழுத்தை ஒடிக்கிறார்கள். "முகம் கவிழ்ந்து கழுத்து ஒடிந்தது" என்று தாய் மொழியில் ஒரு சொல்லடையே உண்டு, மேக்லோங் மீனுக்கு அதுதான் அடையாளம். வாங்கும்போது தோல் கிழியாமல் பளபளப்பாக இருக்கிறதா, வயிறு கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். வயிறு வெடித்திருந்தால் வேகவைக்கும் முன்பே மீன் பழசாகிவிட்டது என்று அர்த்தம். இதை எண்ணெயில் பொரித்து, இறால் விழுது அரைத்த காரச் சம்பலோடும் வெந்த காய்களோடும் தருவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வேறு எதையும் தேட வேண்டாம்.

சைவக்காரர்களுக்கு இது சிரமமான கரை. காய்கறி வதக்கலில்கூட மீன் சாஸ் இருக்கும், பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீனும் வேண்டாம் என்று அவர்களுக்குப் புரியாது. "கின் ஜே" என்று சொல்லுங்கள். அது முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லாத சுத்த சைவம். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 என்ற எண் போல இருக்கும். அந்தக் கொடி தொங்கும் கடையில் தைரியமாக உட்காரலாம். கண்ணில் படாவிட்டால் பழம், வேர்க்கடலை, தேங்காய்ப் பலகாரம் என்று ஒப்பேற்ற வேண்டியதுதான். நீப்பா ஓலையில் மடித்துக் கரியில் சுட்ட கனோம் சாக் கிடைத்தால் விடாதீர்கள். ஒட்டரிசி மாவு, தேங்காய்ப் பூ, தென்னஞ் சர்க்கரை மட்டும்தான்.

மேக்லோங் ஊரிலேயே வாட் பான் லேம் கோயில் இருக்கிறது. மீனவர் வலையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் நின்ற கோலப் புத்தர். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பிறகு சந்தைக்கு அருகே நிற்கும் சொங்தேவ் என்ற ஷேர் வண்டியில் ஏறினால் இருபது நிமிடத்தில் அம்பவா, பத்துப் பாட் அளவில்தான் வாங்குவார்கள். தனியாக டுக்டுக் பேச வேண்டிய தேவையே இல்லை.

அம்பவாவில் நண்பகலில் வெயில்தான் இருக்கும், கூட்டம் இருக்காது. அந்த நேரத்தை இரண்டாம் ராமா நினைவுப் பூங்காவுக்குக் கொடுங்கள். 1767இல் அந்தச் சியாம் மன்னர் பிறந்தது இந்த ஊரில். பழைய தாய் மரவீடுகளும் தோட்டமும் பக்கத்தில் கோயிலும் இருக்கின்றன, நிழலும் உண்டு. மூன்று மணிக்குமேல் வாய்க்கால் உயிர் பெறும். படகிலேயே கரி அடுப்பு வைத்து இறால், கணவாய், கிளிஞ்சல் சுடுவார்கள். கரைப் படிகளில் குட்டி மேசை போட்டிருப்பார்கள், உட்கார்ந்தால் தட்டு மேலே வரும். விலைப் பலகையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பெரிய ஆற்று இறால் மட்டும் பையைப் பதம் பார்க்கும்.

வாங்கிக்கொண்டு வர வேண்டுமென்றால் தென்னஞ் சர்க்கரை. இந்த மாகாணம் அதற்குப் பேர்போனது. நம்மூரில் பதநீர் புளிக்காமலிருக்கப் பானையில் சுண்ணாம்பு தடவுவோம், இங்கே பாயொம் என்ற மரத்தின் சிராய்களைக் கலயத்தில் போடுவார்கள். சந்தையில் விற்பதில் நிறைய வெள்ளைச் சர்க்கரை கலந்தது. கல்லு மாதிரி இறுகி, வெளிறி, மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் கலப்படம். சுத்தமானது மெத்தென்று அமுங்கும், சூட்டில் கசியும், நாளாக ஆகக் கறுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால்தான் தாங்கும் என்று விற்பவரே சொன்னால் நம்பி வாங்கலாம்.

திரும்புவதில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். மேக்லோங்கிலிருந்து கடைசி ரயில் 15:30. அதைப் பிடித்தால் பான் லேம், படகு, மகாச்சாய் என்று வந்த வழியே ஆறரை ஏழுக்குள் பாங்காக் சேரலாம். ஆனால் அம்பவா களைகட்டும் நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கும். மாலைவரை இருப்பதென்றால் வேன்தான். பாங்காக்கின் தெற்கு பஸ் முனையமான சாய் தாய் மாய்க்குப் போகும் வேனுக்கு நூறு பாட்டுக்குள் ஆகும். அம்பவாவில் இறங்கியதும் முதல் வேலையாக வேன் நிற்கும் இடத்துக்குப் போய்க் கடைசி வண்டி எப்போது என்று கேட்டு, அதற்கு முந்தைய வண்டிக்குச் சீட்டு எடுத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்குமேல் வேன் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. ஞாயிறு மாலை இரண்டாம் ராமா நெடுஞ்சாலை நெரியும். முடிவே இல்லாத கட்டுமான வேலைக்காகப் பாங்காக்வாசிகள் கேலி செய்யும் சாலை அது. ஒன்றரை மணி நேரப் பயணம் இரண்டரை ஆனாலும் ஆச்சரியமில்லை.

இதனால்தான் மின்மினிப் படகைப் பற்றி யோசித்து முடிவெடுக்க வேண்டும். ஆற்றோர லம்பூ மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னும். பாங்காக்கின் பாங் லம்பூ பகுதிக்குப் பெயர் வந்ததும் இந்த மரத்தால்தான். பொதுப் படகில் ஆளுக்கு 60 பாட் அளவில், ஒரு மணி நேரம். மழை மாதங்களில் நிறைய தெரியும், பௌர்ணமியை ஒட்டிப் போனால் மங்கல், மழை கொட்டினால் ஒன்றுமே இல்லை. இருட்டியபின் ஏழு மணிப் படகில் ஏறினால் கடைசி வேன் போய்விடும். பாங்காக் வரை டாக்சி ஆயிரம் பாட்டைத் தாண்டும். ஆகவே இருட்டும்போதே கிளம்பும் முதல் படகில் ஏறுங்கள், இல்லையென்றால் வாய்க்கால் கரை வீட்டு விடுதியில் தங்கிவிடுங்கள். இரண்டையும் செய்ய முடியாதவர்கள் மின்மினியை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். போனால் ஃபிளாஷ் அடிக்காதீர்கள், மரத்தருகே எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். கரையில் இருப்பது மக்கள் தூங்கும் வீடுகள்.

வார நாட்களில்தான் வர முடியும் என்றால் அம்பவாவுக்குப் பதில் தா கா மிதக்கும் சந்தையைப் பாருங்கள். அது வார இறுதியில் மட்டுமல்லாமல், வளர்பிறையிலும் தேய்பிறையிலும் 2, 7, 12ஆம் நாட்களில் கூடும். நம் கணக்கில் துவிதியை, சப்தமி, துவாதசி, பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின்னாக இருக்கலாம். காலை தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடும். எனவே வொங்வியன் யாயில் 5:30 ரயிலைப் பிடித்து, பான் லேமில் 7:30 வண்டி ஏறி, 8:30க்கு மேக்லோங்கில் இறங்கி, அங்கிருந்து மோட்டார் பைக் டாக்சி பேசிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்கு ஸ்கைட்ரெயினை நம்பாமல் டாக்சியில் போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பான் லேம்–மேக்லோங் துண்டு பழைய பாதை, பராமரிப்புக்காக மூடுவதுண்டு. 2015இல் மாதக்கணக்கில் மூடியே கிடந்தது. அப்படி இருந்தால் மகாச்சாயில் கேட்டு வேனிலோ பஸ்ஸிலோ மேக்லோங் போய்விடலாம், சந்தையில் ரயில் மட்டும் வராது. குடைகளை மடக்கும் வேலை இல்லாத அந்த நாட்களிலும் மீன்காரர்கள் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து பிளா தூ விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள்.